வீட்டில் பின்னல் பாண் சுடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று எனப் பல இடங்களிலும் வீட்டில் பாண் சுடத் தொடங்கியவர்கள் பின்னல் பாணைப் பற்றிக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. எனவே அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, விடைகளையும் சேர்த்திருக்கிறேன். பின்னும் முறையைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். ஆனால் குறைகளில் பெரும்பாலானவை பின்னத் தொடங்குவதற்கு முன்னரே, மாவின் சூட்டிலும் அது பொங்கக் கிடந்த நேரத்திலும் உண்டாகிவிடுகின்றன. ஆகவே விடைகளும் அந்த இடங்களில்தான் நீண்டிருக்கின்றன.

அக்கா, பின்னல் பாண் எண்டா என்ன? கடைப் பணிஸ் மாவிலயா செய்யிற?

ஏறத்தாழ அப்படித்தான். சாதாரண இறாத்தல் பாணுக்கு மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவை போதும். பின்னல் பாணுக்கோ முட்டை, சீனி, பட்டர் அல்லது எண்ணெய், சிலவேளை பாலும் சேரும். இவை சேர்ந்த மா பணிஸ் மாவைப் போல மென்மையாக இருக்கும். ஆனால் பின்னினால் உருவம் நிற்கவேண்டும் என்பதால் பணிஸ் மாவைவிடச் சற்று இறுக்கமாகக் குழைக்கப்படும்.

பல நாடுகளில் இது பண்டிகையோடும் ஓய்வு நாளோடும் சேர்ந்த பாண். யூதர்கள் சபத் நாளுக்குச் சுடும் ஹல்லா, சுவிசில் ஞாயிறு காலையில் மேசைக்கு வரும் சொப்ப், ஏலக்காய் மணக்கும் பின்லாந்தின் புல்லா, உயிர்த்த ஞாயிறுக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டையைப் பதித்துச் சுடும் கிரேக்கரின் சுரெக்கி ஆகிய யாவும் பின்னல் பாண்களே. ஏலக்காய் சேர்ந்த புல்லா நம் நாக்குக்கு உடனே பழகிவிடும் என்பது என் எண்ணம்.

என்னென்ன சாமான், எவ்வளவு வேணும்?

கோதுமை மா 500 கிராம், முட்டை 2, பால் 180 மில்லிலீற்றர், சீனி 60 கிராம், பட்டர் 60 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்ரன்ற் ஈஸ்ட் 6 கிராம். மேலே பூச இன்னுமொரு முட்டையும், விரும்பினால் தூவச் சிறிது எள்ளும் வேண்டும். பசும்பால் என்றால் காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்கவேண்டும். இல்லையென்றால் 180 மில்லிலீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பால்மாவைக் கரைத்துக்கொண்டால் போதும்.

இந்த அளவில் 900 கிராமுக்குச் சற்று மேலான மா வரும். சுடும்போது ஈரம் வற்றிக் குறைவது போக, கடையில் வாங்கும் 450 கிராம் இறாத்தல் பாண் இரண்டைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். பாலை ஒரேயடியாக ஊற்றவேண்டாம். இரண்டு மேசைக்கரண்டியளவு நிறுத்திவைத்து, மா கேட்டால் மட்டும் சேர்க்கவேண்டும். முட்டையின் பருமன் வேறுபடும்; மழைக்காலத்தில் மாவே ஈரத்தை இழுத்துவைத்திருக்கும்.

வீட்டில தராசு இல்ல. கோப்பையால அளந்தா சரிவராதா?

வரும், ஆனால் தேநீர்க் கோப்பையால் அளக்கவேண்டாம். 240 மில்லிலீற்றர் அளவுக் கோப்பையில் மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்தால் ஒரு கோப்பை ஏறத்தாழ 125 கிராம். ஆகவே 4 கோப்பை. கோப்பையால் நேரடியாக மாவைக் கோலி எடுத்தால் மா அமுங்கி நிறை கூடிவிடும், பாணும் கல்லாகும். ஈஸ்டும் உப்பும் தேக்கரண்டிக் கணக்கில் முறையே தலைவழித்த 2, ஒன்றரை.

கடையில விக்கிற சாதாரண கோதுமை மா போதுமா? ஆட்டா மா, குரக்கன் மா கலந்தா சத்துத்தானே?

போதும். திருகோணமலைச் சீனக்குடா ஆலையிலிருந்து வரும் பிறிமா மாவோ வேறு சாதாரண மாவோ எதுவாயினும், புதியதாகவும் வண்டு விழாததாகவும் இருந்தால் பின்னல் பாண் நன்றாகவே வரும். பாணுக்கென்றே விற்கப்படும், புரதம் கூடிய மா கிடைத்தால் இன்னும் நல்லது. அது பாலையும் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும்.

கோதுமையின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து குழைபடும்போது குளூட்டன் என்ற இழுவைத்தன்மை உண்டாகிறது. நீட்டி உருட்டிய மா அறாமல் நிற்பது அதனாலேயே. குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் அது இல்லை. ஆகவே குரக்கனை 500 கிராமில் 50 கிராமுக்கு மேல் சேர்த்தால் பின்னும்போதே வெடிப்பு விழும். ஆட்டா மாவை நான்கில் ஒரு பங்குவரை சேர்க்கலாம். அப்போது ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாக வேண்டும்.

ஈஸ்ட் செத்துப் போச்சா, உயிரோட இருக்கா எண்டு எப்பிடிப் பாக்கிற?

கால் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியையும் ஒரு தேக்கரண்டி ஈஸ்டையும் கலந்து வையுங்கள். பத்து நிமிடத்தில் மேலே நுரை தடித்துப் பொங்கி, புளிப்பும் இனிப்பும் கலந்த மணம் வந்தால் நல்ல ஈஸ்ட். கலங்கிய தண்ணீராகவே கிடந்தால் அதை எறிந்துவிடுவதே மேல். இளஞ்சூடு என்பது விரலை வைத்தால் சூடும் குளிரும் தெரியாத அளவு; 60 பாகை செல்சியஸை நெருங்கும் சூட்டில் ஈஸ்ட் இறந்துவிடும்.

திறந்த பைக்கற்றை மேசையில் வைத்தால் நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அது விரைவில் பலமிழக்கும். காற்றுப் புகாத சிறு போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நல்லதென்று தெரிந்த இன்ஸ்ரன்ற் ஈஸ்டை ஒவ்வொரு முறையும் கரைத்துப் பார்க்கத் தேவையில்லை. மாவோடு நேரே கலக்கலாம். பெரிய மணிகளாக இருக்கும் மற்ற வகைக் காய்ந்த ஈஸ்டை மட்டும் கரைத்துத்தான் சேர்க்கவேண்டும். உப்புப் பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். மாவுக்குள் இரண்டும் கலப்பதால் ஒன்றும் ஆகாது. ஈஸ்ட் கரைத்த தண்ணீரில் உப்பைப் போட்டு வைப்பதைத்தான் தவிர்க்கவேண்டும்.

அப்பத்துக்குக் கள்ளு விடுற மாதிரி இதுக்கும் விடலாமா? அப்பச்சோடா போட்டா என்ன?

கள்ளில் இயற்கையாகவே ஈஸ்டும் புளிப்பைத் தரும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கோவாவில் பாண் சுட்டவர்கள் தென்னங்கள்ளைக் கொண்டே மாவைப் பொங்கவைத்தார்கள். ஆகவே முடியாத காரியம் அல்ல. ஆனால் சீனியும் பட்டரும் கூடிய மா ஈஸ்டுக்குச் சுமையானது. கள்ளின் வீரியமோ மரத்துக்கு மரம், வேளைக்கு வேளை மாறும். விரும்பினால் 100 கிராம் மாவை 100 மில்லிலீற்றர் புதுக்கள்ளில் முதல்நாள் இரவு கரைத்துவைத்து, மறுநாள் அது நுரைத்திருந்தால் மீதி மாவோடு சேர்த்துக் குழைக்கலாம். பாலில் அந்த 100 மில்லிலீற்றரைக் குறைத்துக்கொள்ளவேண்டும். பொங்குவதற்கு நெடுநேரம் எடுக்கும், சற்றுப் புளிப்பும் இருக்கும்.

அப்பச்சோடா இதற்கு உதவாது. அது தரும் வாயு உடனே கிளம்பி முடிந்துவிடும். மா ஆறுதலாக இழுபட்டு வளர்வதற்கு ஈஸ்ட்தான் வேண்டும்.

எவ்வளவு நேரம் குழைக்கணும்? கை விட்டுப் போகுது அக்கா.

பட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்து, உலர்ந்த மா தெரியாத அளவுக்குக் கலந்ததும் மூடிவைத்து 20 நிமிடம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் மா பாலைக் குடித்துத் தானாகவே இழுவை பெறும். அதன் பின்னர் பட்டரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கையால் 10 நிமிடம் குழைத்தால் போதும். பட்டர் சேர்ந்தவுடன் மா வழவழத்து, குழம்பிப் போனதுபோலத் தோன்றும். பயந்து மா தூவாமல் தொடர்ந்து குழைத்தால் அது மீண்டும் ஒன்றாகி, தட்டில் ஒட்டாமல் உருண்டு வரும்.

முடிந்ததா என்று பார்க்க, நெல்லிக்காயளவு மாவைக் கிள்ளி எடுத்து இரு கை விரல்களாலும் மெல்ல விரியுங்கள். அறாமல் மெல்லிய சவ்வாக விரிந்து, அதனூடாக விரலின் நிழல் தெரிந்தால் போதும். தொட்டவுடன் ஓரம் பிசிறிக் கிழிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் குழைக்கவேண்டும்.

புத்தகத்தில ரெண்டு மணித்தியாலம் பொங்க விடச் சொல்லியிருக்கு. எனக்கு முக்கால் மணித்தியாலத்திலயே பொங்கி வழியுது. ஏன்?

அந்தப் புத்தகத்தை எழுதியவரின் குசினி பெரும்பாலும் 20 அல்லது 22 பாகை வெப்பத்தில் இருந்திருக்கும். நம் குசினியோ ஆண்டின் பெரும்பகுதியில் 30 பாகைக்கு மேல். பத்துப் பாகை ஏறினால் ஈஸ்டின் வேலை ஏறத்தாழ இரட்டிப்பு வேகம் பெறும் என்பதால், அங்கே இரண்டு மணித்தியாலம் எடுக்கும் மா இங்கே ஒரு மணித்தியாலத்துக்குள் பொங்குவது குறையே அல்ல. புத்தகத்தின் நேரத்தை நம்பி இன்னும் விட்டுவைப்பதுதான் பிழை. அளவுக்கு மிஞ்சிப் பொங்கிய மா இழுவையை இழந்து, புளிநாற்றம் எடுத்து, பின்னும்போது துவண்டு விழும். குழைத்தபோது இருந்ததைப் போல இருமடங்கு ஆனதா என்பதை மட்டுமே பாருங்கள்; பக்கம் நேரான போத்தலில் ஒரு துண்டு மாவைப் போட்டு, வெளியே இறப்பர் வளையம் மாட்டிவைத்தால் கண்ணாலேயே அளக்கலாம்.

மாவின் சூட்டைக் குறைப்பதற்கு வழிகள் உண்டு. பாலையும் முட்டையையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சேர்க்கலாம், ஏனெனில் கையின் சூடும் குழைக்கும் உராய்வும் மாவைச் சூடாக்கிவிடும். குழைத்து முடித்த மா 25 அல்லது 26 பாகையில் இருப்பது நல்லது. தொட்டால் உள்ளங்கைக்குச் சற்றுக் குளிர்ச்சியாகத் தெரியவேண்டும். வெக்கை கூடிய மாதங்களில் ஈஸ்டை 6 கிராமிலிருந்து 4 கிராமாகக் குறைக்கலாம். மார்கழி மழையில் வாடைக்காற்று வீசும் நாட்களில் இதற்கு எதிர்மாறாக, குளிர்ந்த பாலை விடுத்து இளஞ்சூட்டுப் பாலைச் சேர்த்து, ஈஸ்டை முழு அளவில் போட்டு, நேரத்தையும் சற்று நீட்டிக்கொள்ளவேண்டும். விடியற்காலையில் குழைத்தால் இந்தச் சிரமங்களில் பாதி இல்லாமலே போய்விடும்.

கச்சான் காத்துக் காலத்தில மாவுக்கு மேல தோல் கட்டி வெடிக்குது. ஈரத் துணி போட்டும் சரிவரல்ல.

வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் கொண்டது. அது அடிக்கும் குசினியில் மெல்லிய ஈரத் துணி சில நிமிடத்திலேயே காய்ந்து, பிறகு மாவின் ஈரத்தையும் உறிஞ்சத் தொடங்கும். துணியை எடுக்கும்போது மாவின் மேற்பரப்பில் சுருக்கம் விழுந்த மங்கலான தோல் படிந்திருப்பதையும், நீட்டினால் அது செதிலாக வெடிப்பதையும் காணலாம். அந்தத் தோல் மீண்டும் மாவோடு சேராது. பின்னலில் கோடுகோடாகத் தெரியும்.

துணிக்குப் பதிலாக, மாவின் மேல் மெல்லியதாக எண்ணெய் தடவி, மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு இறுக மூடுங்கள். பின்னிய பாணை மூடிவைக்கப் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை அதன்மேல் கவிழ்த்து, உள்ளே ஒரு சிறு கோப்பையில் சுடுதண்ணீரை வைத்தால் போதும். காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்திவிடுங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

மாவ நீட்டி உருட்ட உருட்டச் சுருங்கிப் போகுது. புரி ஒண்டு நீளம், ஒண்டு கட்டை.

இழுத்து உருட்டிய குளூட்டனுக்கு ஆறுதல் தேவை. சுருங்குகிற புரியோடு மல்லுக்கட்டினால் அது நடுவில் அறும். ஒரு புரியைப் பாதி நீளத்துக்கு உருட்டி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எல்லாம் முடிந்து முதலாவதற்குத் திரும்பும்போது அது தளர்ந்திருக்கும். அப்போதும் சுருங்கினால் மூடிவைத்து 10 நிமிடம் கழித்துத் தொடருங்கள்.

புரிகள் சமமாக வரவேண்டுமானால் கண்ணளவில் வெட்டாமல் நிறுத்து வெட்டுங்கள். சிறிய மேசைப் போறணையில் இரண்டு பாண் சுடுபவர்களுக்கு மூன்று புரிப் பாண் ஒன்றுக்குப் புரி 150 கிராம் வீதம், 30 முதல் 35 சென்ரிமீற்றர் நீளம் பொருந்தும். வெட்டிய துண்டைத் தட்டையாக்கிச் சுருட்டி, பொருத்தை அழுத்தி மூடி, நடுவிலிருந்து இரு நுனிகளையும் நோக்கி உருட்டவேண்டும். உருட்டும் பலகையில் மா தூவவேண்டாம். வழுக்கிக்கொண்டு போகுமே தவிர உருளாது. ஆனால் உருட்டி முடித்த புரிகளின் மேல் ஒரு சிட்டிகை மாவைத் தடவிவிட்டால், சுடும்போது ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் பின்னல் துலக்கமாகத் தெரியும்.

மூண்டு புரி தலைப்பின்னல் மாதிரித்தானே? நாலு, ஆறு எல்லாம் எப்பிடிப் போடுற?

மூன்று புரிக்குத் தலைப்பின்னல் முறையே போதும். ஆனால் ஒரு நுனியிலிருந்து தொடங்கினால் தொடக்கம் தடித்தும் முடிவு மெலிந்தும் போகும் என்பதால், நடுவிலிருந்து ஒரு பக்கத்தைப் பின்னி முடித்து, பாணைத் திருப்பிவைத்து மற்றப் பக்கத்தையும் பின்னுங்கள். இரு முனைகளும் ஒத்து வரும்.

நான்கு புரிக்குத் தலைப்புகளைச் சேர்த்து அழுத்திவிட்டு, வலது ஓரத்துப் புரியை எடுத்து அடுத்ததன் மேலாகவும், அதற்கடுத்ததன் கீழாகவும், கடைசியானதன் மேலாகவும் இடது ஓரத்துக்குக் கொண்டுபோகவேண்டும். இப்போது வலது ஓரத்தில் இருப்பது புதுப் புரி, அதையும் அவ்வாறே. எப்போதும் வலது ஓரம், எப்போதும் மேல், கீழ், மேல். கிடுகு பின்னிப் பழகிய கைக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும். ஆறு புரிக்கும் வலது ஓரத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். இரண்டின் மேல், ஒன்றின் கீழ், இரண்டின் மேல் என்பது ஒழுங்கு. வாயால் சொல்லிக்கொண்டே பின்னினால் தவறாது.

எத்தனை புரியானாலும் இறுக்கிப் பின்னாதீர்கள். மா வளர்வதற்குப் புரிகளுக்கிடையில் இடம் இருக்கவேண்டும். முனைகளைக் கிள்ளி அழுத்தி, பாணின் அடியில் மடித்துவிடுங்கள்.

சுடக்குள்ள பின்னல் பக்கத்தால கிழியுது. போன முறை கிழியல்ல, ஆனா சப்பையாப் போச்சு. என்னதான் செய்யிற?

இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முனைகள். பின்னிய பின் பொங்கவிட்ட நேரம் போதாவிட்டால், போறணைச் சூட்டில் மா திடீரென வீங்கி, புரிகள் சேரும் இடத்தில் வெள்ளை நாராகக் கிழியும். நேரம் மிஞ்சினால் வீங்குவதற்கு வலு இன்றி, புரிகள் ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்து தட்டையாகும். விரலில் சிறிது மாவைத் தொட்டுக்கொண்டு புரியின் பக்கத்தை மெல்ல அமுக்கிப் பாருங்கள். பள்ளம் உடனே மீண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக மீண்டு, சிறு தடம் எஞ்சினால் உடனே போறணையில் வைக்கவேண்டும். மீளவே இல்லையென்றால் தாமதித்துவிட்டீர்கள். நம் வெக்கையில் இந்த இரண்டாம் பொங்கல் 30 முதல் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே போறணையை முன்கூட்டியே சூடாக்கத் தொடங்குங்கள்; மா தயாராகியும் போறணை குளிர்ந்து கிடப்பதே பல சப்பைப் பாண்களுக்குக் காரணம்.

கிழிவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு: இறுக்கிப் பின்னுவதும், மேலே சொன்ன காய்ந்த தோலும். சப்பையாவதற்கு மா தண்ணீராக இருப்பதும் காரணமாகலாம். அப்படியானால் அடுத்த முறை பாலை 160 மில்லிலீற்றராகக் குறையுங்கள்.

கடைப் பாண் மாதிரிப் பளபளப்பு வரணும். முட்டை பூசினும் திட்டுத் திட்டாத்தான் வருகுது.

ஒரு முட்டையில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி பாலும் சேர்த்து அடித்து, 10 நிமிடம் விட்டுவிடுங்கள். உப்பினால் வெள்ளைக்கரு இளகி, பூசும்போது கட்டிகட்டியாக நிற்காது. பின்னியவுடன் ஒருமுறை மெல்லியதாகவும், போறணையில் வைப்பதற்குச் சற்று முன் மறுமுறையும் பூசுங்கள். புரிகளின் இடுக்கில் தேங்க விடவேண்டாம். அங்கே அது வெந்து மஞ்சளாகப் படியும். எள்ளை இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தூவவேண்டும்.

எவ்வளவு சூட்டில வைக்கிற? மேல கறுக்குது, உள்ளுக்க மாவாக் கிடக்கு.

180 பாகையில் 25 முதல் 30 நிமிடம். சிறிய மேசைப் போறணைகளில் மேற்கம்பி பாணுக்கு மிக அருகில் இருப்பதாலும், சீனியும் முட்டையும் சேர்ந்த மேற்பரப்பு விரைவில் நிறம் மாறுவதாலும், தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, 15 நிமிடம் கழிந்ததும் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடவேண்டும். குமிழில் எழுதியிருக்கும் பாகையை நம்பவேண்டாம். போறணைக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்குவது வீண் செலவு அல்ல.

வெந்த பாணின் நடுச்சூடு 88 முதல் 90 பாகை இருக்கும். குத்திப் பார்க்கும் வெப்பமானி இல்லாதவர்கள் பாணைத் தூக்கி அடியில் விரல்முட்டியால் தட்டினால் வெறுமையான ஓசை கேட்கவேண்டும். நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

எங்கட வீட்டில போறணை இல்ல. கேஸ் அடுப்பில சட்டி வைச்சுச் சுடலாமா?

சுடலாம். அடித்தடித்த பெரிய சட்டியில் கழுவிக் காயவைத்த மணலை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு கம்பி வளையத்தை வைத்து, மூடி 15 நிமிடம் நடுத்தரத் தீயில் சூடாக்குங்கள். பிறகு பாண் தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடி, தீயைக் குறைத்து 35 முதல் 40 நிமிடம் விடவேண்டும். இதற்கு நீளமான பின்னலைவிட, பின்னி வட்டமாக வளைத்த பாண் பொருந்தும். ஒட்டாச் சட்டிகளை இப்படி வெறுமையாகச் சூடாக்கவே கூடாது.

குறை என்னவென்றால் மேற்பக்கம் வெளிறியே இருக்கும். பழைய ஆட்கள் கேக் சுட்டதுபோல, தகர மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினால் அழகான நிறம் வரும். தணலைக் காற்றோட்டமுள்ள வெளிக் குசினியில் மட்டுமே பயன்படுத்தவேண்டும். மூடிய அறையில் அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு மணமில்லாத நச்சு வாயு.

நாங்க வெள்ளிக்கிழமை மரக்கறி. முட்டை இல்லாமச் செய்ய ஏலாதா?

ஏலும். இரண்டு முட்டைக்கும் பதிலாக 80 மில்லிலீற்றர் பாலைக் கூட்டிக்கொள்ளுங்கள். அல்லது நம் ஊர் எருமைத் தயிரை 100 கிராம் அடித்துச் சேருங்கள், மா மிக மென்மையாக வரும். மேற்பூச்சுக்குப் பாலில் சிறிது சீனி கரைத்துப் பூசலாம். முட்டைப் பளபளப்பு வராது, ஆனால் நிறம் வரும். பாலும் வேண்டாதவர்கள் தேங்காயின் முதற்பாலைச் சேர்க்கலாம். அதில் கொழுப்பு இருப்பதால் பட்டரை விட்டுவிட்டு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் போதும்.

ஈஸ்ட் போட்டா மா புளிச்சு மதுசாரம் வருமாமே, நாங்க சாப்பிடலாமா?

ஈஸ்ட் சீனியை உண்டு காபனீரொட்சைட்டையும் சிறிதளவு மதுசாரத்தையும் வெளிவிடுவது உண்மை. கடைப் பாணிலும் இதுவே நடக்கிறது; அந்த மதுசாரத்தின் பெரும்பகுதி சூட்டில் ஆவியாகிவிடும். மார்க்கத் தீர்ப்பை உங்கள் பள்ளிவாசல் ஆலிம்களிடம் கேட்பதே முறை. என் பங்குக்குச் சொல்லக்கூடியது, மாஜரின், பாண் மென்மையூட்டி போன்றவற்றில் சேரும் சில கொழுப்புப் பொருட்கள் விலங்கிலிருந்தும் வரக்கூடும் என்பதால் உறையில் ஹலால் இலச்சினையைப் பார்த்து வாங்குங்கள் என்பதே. மரக்கறிக்காரரும் அதே உறையைப் படிக்கவேண்டும்.

சுவிசில இருக்கிற மச்சாள் செய்யிற சொப்ப் பஞ்சு மாதிரி. அவ சொன்ன அளவிலயே செய்தன், எனக்கு அப்பிடி வரல்ல.

அவர் சொன்ன அளவு சரி, பொருட்கள்தான் வேறு. அங்கே சொப்ப்புக்கென்றே விற்கும் மாவில் வெண்கோதுமை மாவோடு ஸ்பெல்ற் என்னும் பழைய கோதுமை வகையின் மாவும் கலந்திருக்கும். ஈஸ்டும் காய்ந்ததல்ல, 42 கிராம் கட்டியாக வரும் ஈர ஈஸ்ட். அதன் மூன்றில் ஒரு பங்கு நிறையே இன்ஸ்ரன்ற் ஈஸ்டுக்குக் கணக்கு, அதாவது 14 கிராம். 42 கிராமையும் காய்ந்த ஈஸ்டாகப் போட்டவர்களின் மா பாத்திரத்தைவிட்டு வெளியே நடந்துவிடும்.

இன்னொரு வேறுபாடு, சொப்ப்பில் சீனி மிகக் குறைவு, பாலும் பட்டரும் கூடுதல், முட்டை பெரும்பாலும் மேற்பூச்சுக்கு மட்டுமே. ஹல்லாவில் இதற்கு மாறாக முட்டையும் எண்ணெயும் இருக்கும், பாலும் பட்டரும் வராது. இறைச்சியோடு பாலைச் சேர்த்து உண்ணக்கூடாது என்ற யூத மரபுக்கு இணங்க, இறைச்சி உணவோடும் உண்ணத் தக்கதாக அது அமைந்தது. ஆகவே இரண்டு குறிப்புகளையும் கலந்து பாதி அங்கும் பாதி இங்குமாகச் செய்யாதீர்கள். சொப்ப்பின் பின்னலும் வேறு: இரண்டே நீண்ட புரிகளைக் கூட்டற்குறி போலக் குறுக்கே வைத்து, கீழ்ப்புரியின் இரு நுனிகளையும் எதிரெதிர்ப் பக்கம் மாற்றிப் போட்டு, பிறகு மற்றப் புரியின் நுனிகளையும் அவ்வாறே மாற்றி, முடியும்வரை மாறிமாறிச் செய்வது. பாண் உயரமாக எழும்பி நிற்கும்.

உள்ளுக்க சீனிச் சம்பல், மீன் வைச்சுப் பின்னலாமா?

வைக்கலாம், ஈரம் இல்லாமல் இருந்தால். ஒவ்வொரு புரியையும் உருட்டுவதற்கு முன் நீளமாகத் தட்டையாக்கி, நடுவில் மெல்லிய வரியாகச் சம்பலை வைத்து, ஓரங்களைக் கிள்ளி மூடி, பொருத்தை அடியில் வைத்துப் பின்னவேண்டும். சீனிச் சம்பலை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, எண்ணெயை வடித்து, முழுதும் ஆறவைத்தபின் வையுங்கள். சூட்டோடு வைத்தால் பட்டர் உருகிப் புரி பிரியும். மீன் என்றால் கிழங்கோடு பிரட்டி உலர்ந்த பதத்தில் வைத்து, சுட்ட அன்றே உண்டுவிடவேண்டும்.

ராவைக்குக் குழைச்சு வைச்சு விடியச் சுடலாமா? இடையில கரண்ட் போனா?

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மா மெதுவாகப் பொங்கி, சுவையும் கூடும். வெக்கைக் காலத்தில் எனக்குப் பிடித்த முறையும் இதுவே. குழைத்து 20 நிமிடம் வெளியே விட்டு, எண்ணெய் தடவிய மூடிய பாத்திரத்தில் இட்டு வைத்துவிடுங்கள். காலையில் குளிர்ந்த மாவை உருட்டுவது மிக எளிது, பட்டரும் கையில் ஒட்டாது. பின்னியபின் பொங்குவதற்கு மட்டும் ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ கொடுக்கவேண்டும்.

குழைத்த பிறகு மின்சாரம் போனால், பொங்கிய மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மீண்டும் பொங்கவிடலாம். இரண்டுமுறைவரை மா தாங்கும். பின்னி முடித்தபின் போனால் பாணைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் திறக்காமல் விடுங்கள். போறணைக்குள் இருக்கும்போது போனால் கதவைத் திறக்கவேண்டாம். பத்து நிமிடத்துக்குள் வந்தால் பாண் தப்பும். வராவிட்டால் மேலே சொன்ன மணற்சட்டியை அடுப்பில் ஏற்றுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்? பிறிட்ஜில வைச்சா கல்லாப் போகுதே.

நம் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் இரண்டு நாள். மூன்றாம் நாள் பூஞ்சணத்தை எதிர்பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில்தான் பாணின் மாப்பொருள் மிக விரைவாக இறுகும் என்பதால் அங்கே வைக்கவேண்டாம். முழுதும் ஆறியபின் துண்டுகளாக வெட்டி, இறுகக் கட்டி, உறைநிலைப் பகுதியில் வைத்தால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். எடுத்துத் தோசைக்கல்லில் சூடாக்கினால் போதும். வெட்டுவதற்கு ஒரு மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டி, உள்ளே பிசுபிசுப்பதைப் பார்த்து வேகவில்லை என்று நினைப்பவர்கள் பலர்.

நத்தாருக்கும் பெருநாளுக்கும் ஓடர் எடுத்து விக்கலாமா?

விற்கலாம், ஆனால் அயலவருக்குக் கொடுப்பதுபோல் அல்ல. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பனைக்கான உணவு அனைத்துக்கும் பொருந்தும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலில் சந்தித்து, குசினியில் என்னென்ன வேண்டும், எங்கே பதியவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை, பால், எள்ளு ஆகியவை சேர்ந்திருப்பதை உறையில் எழுதுங்கள். எள்ளு ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள். சிறிய மேசைப் போறணையில் ஒரு தடவைக்கு இரண்டு பாணுக்கு மேல் வைக்க இடமில்லை. ஒரு தொகுதி சுடப்படும்போது அடுத்தது பொங்கி மிஞ்சிவிடும். ஆகவே எல்லா மாவையும் ஒரேநேரத்தில் குழைக்காமல், அரை மணித்தியால இடைவெளியில் பிரித்துக் குழைத்து, பின்னியவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வரிசைக்கு நிறுத்திவைத்தால்தான் கடைசி ஓடரின் பின்னலும் முதலாவதைப் போல நிற்கும்.